54 சென்டிமீட்டர் கதை: வரைபட மென்பொருள் வந்த வழி

நான் பி.காம். ஆசாமி. சிவில் இன்ஜினியரிங்குக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், வீட்டுக்கடன் ஃபைலோடு வரும் பிளான் காகிதம்தான். ஆனால் இங்கே புனேயில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சிவில் படித்துவிட்டு ஆட்டோகேட், சிவில் 3டி கிளாஸ் போகிறார்கள். எந்தக் கட்டளையை எங்கே அடிப்பது என்று அங்கே சொல்லித் தருவார்கள். அது எதற்காக வந்தது என்று தெரிந்தால் டிப்ஸை மனப்பாடம் பண்ணவே வேண்டாம். கணக்கு எழுதுகிறவன் கண்ணால் படித்ததைச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், டிரேசிங் பேப்பர், இங்க் பேனா. கோடு தப்பினால் பிளேடால் சுரண்ட வேண்டும். ஒரே மாதிரி நாற்பது ஜன்னல் என்றால் நாற்பது தடவை வரைய வேண்டும்.

1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் தன் டாக்டர் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற புரோகிராம் செய்தார். ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையலாம். ஒரு உருவத்தை மூலமாக வைத்து எத்தனை நகல் வேண்டுமானாலும் போடலாம். மூலத்தைத் திருத்தினால் நகல்கள் எல்லாம் தானே திருந்தும். இன்றைய ‘பிளாக்’ அதன் வாரிசு. கதவு, தூண், மேன்ஹோல் எல்லாவற்றையும் பிளாக்காக வையுங்கள். அவசரத்துக்கு ‘எக்ஸ்ப்ளோட்’ பண்ணி உடைத்தால், நீங்கள் திரும்ப டிராயிங் போர்டு காலத்துக்கே போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

இப்படி வரைய அப்போதெல்லாம் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். 1982-ல் ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் கம்பெனி தொடங்கி, அந்த வருஷமே லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் ஆட்டோகேடைக் காட்டினார்கள். சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரிலேயே ஓடியது. சின்ன ஆபீஸ்களுக்கும் வரைபட மென்பொருள் வந்தது இப்படித்தான்.

1990-ல் வந்த 11-ம் வெளியீட்டில் இரண்டு நல்ல விஷயங்கள். ஒன்று, ‘பேப்பர் ஸ்பேஸ்’. கட்டிடத்தை நிஜ அளவில் வரையுங்கள். 1:100, 1:50 எல்லாம் தாளில் வைக்கும்போது பார்த்துக் கொள்ளலாம். இன்னொன்று ‘எக்ஸ்ரெஃப்’. சர்வேயர் டிராயிங்கை காப்பி அடித்து ஒட்டாமல் இணைப்பாக வையுங்கள். அவர் திருத்தினால் உங்களுடையதும் திருந்தும். எங்கள் பாஷையில் சொன்னால், ஒரே லெட்ஜர். ஆளுக்கொரு நோட்டு கிடையாது.

இனி தலைப்புக்கு வருவோம். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதி மேல் லாஃபன்பர்க் பாலம். இரண்டு கரையிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜெர்மனி உயரத்தை வடகடல் மட்டத்திலிருந்து கணக்கிடும், சுவிஸ் மத்தியதரைக் கடல் மட்டத்திலிருந்து. வித்தியாசம் 27 செ.மீ. இது எல்லாருக்கும் தெரியும், கணக்கிலும் சேர்த்தார்கள். ஆனால் கூட்டல் குறி, கழித்தல் குறி மாறிவிட்டது. 2003-ல் பார்த்தால் இரு பக்கமும் 54 செ.மீ. ஏற்ற இறக்கம்!

பழைய வங்கி ஆட்களுக்கு இந்த 54-ஐப் பார்த்ததும் சிரிப்பு வரும். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகும். அதனால் டேலி ஆகாத தொகையை இரண்டால் வகுத்து அந்த எண்ணைத் தேடுவோம். 54-ஐ வகுத்தால் 27. ஆசாமி அகப்பட்டான்.

சிவில் 3டி பழகும் பிள்ளைகளுக்கு இதிலிருந்து மூன்று டிப்ஸ். சர்வே புள்ளிகளை உள்ளே இழுக்கும் முன் யூனிட்டையும் கோஆர்டினேட் ஸோனையும் செட் பண்ணுங்கள். ஃபைலில் முதலில் இருப்பது நார்த்திங்கா ஈஸ்டிங்கா என்று பாருங்கள். மாறினால் மனையே திரும்பிக்கொள்ளும். ஆர்.எல். எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். ஒருவர் கடல் மட்டத்திலிருந்து எடுத்திருப்பார், இன்னொருவர் தளத்தில் ஒரு கல்லை 100.000 என்று வைத்துக்கொண்டிருப்பார். தெரிந்த ஒரு பெஞ்ச்மார்க்கை ‘ஐடி’ கட்டளையால் தொட்டு, சர்வேயர் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் முடியும்.

பாலமாவது திருத்தக்கூடிய தப்பு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர விளையாட்டரங்கின் கூரை, கம்ப்யூட்டர் கணக்கை நம்பிக் கட்டியது. கட்டும்போதே கூரை கணக்கு சொன்னதைப் போல இரண்டு மடங்கு தொய்ந்தது. ஏட்டுக்கும் நடப்புக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். 1978 ஜனவரி 18 விடியற்காலை, பனிச்சுமையில் மொத்தமாக இறங்கிவிட்டது. சில மணி நேரம் முன்புதான் சுமார் 5,000 பேர் அங்கே கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கம்பிகளுக்கு நடுவில் போதுமான பிடிமானம் இருப்பதாகக் கணக்கில் எடுத்திருந்தார்கள். நிஜத்தில் அது இல்லை.

டிரயல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கு சரி என்று ஆகாது என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். தப்பான கணக்குத் தலைப்பில் எழுதினாலும் டேலி ஆகும். மென்பொருளும் அப்படித்தான், கொடுத்ததைச் சரியாகக் கூட்டித் தரும். கொடுத்தது சரியா என்று கேட்காது. ரிசல்ட் வந்ததும் ஒரு பீமையாவது காகிதத்தில் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். தளத்திலிருந்து மேஸ்திரியோ சூப்பர்வைசரோ “சார், அளவு ஒத்துவரலையே” என்றால், திரையை மறந்துவிட்டு அவரோடு போய் டேப்பைப் பிடியுங்கள்.

இருபது வருஷக் கடனில் ஒரு குடும்பம் வாங்கும் வீடு அந்தக் கோடுகளை நம்பித்தான் எழும்புகிறது. சிவில் படிக்கிற உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த 54-ஐ மட்டுமாவது சொல்லி வையுங்கள்.