முறுக்கும் புரியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைகளிலிருந்து கம்பி ஏற்றிய லாரிகள் ஜி.என்.டி. சாலையில் சென்னைப் பக்கம் வந்தபடியே இருக்கின்றன. கடைப் பலகையிலும் வீடு கட்டுவோர் பேச்சிலும் அந்தச் சரக்குக்குப் பெயர் முறுக்குக் கம்பி. உற்றுப் பார்த்தால் கம்பியில் முறுக்கே இல்லை; சாய்வாகப் புடைத்த வரிகள்தான் இருக்கின்றன. கம்பி செந்தணலாக உருளைகளுக்கிடையே ஓடும்போதே அவை பதிந்துவிடுகின்றன. அடுத்து நீரைப் பீய்ச்சிச் சட்டெனக் குளிரவைக்க, புறத்தோல் கடினமாகி உள்ளே இளக்கம் தங்குகிறது. பெயரோ இதற்கு முந்தைய கம்பியுடையது. 1960-களில் இந்தியாவுக்கு வந்த 'டார்' கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே இரு முனையும் பிடித்து நிஜமாகவே முறுக்கினார்கள். முறுக்க முறுக்க இரும்பு கெட்டிப்பட்டது. அந்தச் செய்முறை ஒழிந்த பின்னும் சொல் நின்றுவிட்டது.

முறுகு என்றால் தானே திருகிக்கொள்வது. முறுக்கு என்றால் திருகவைப்பது. மீசைக்கும் பலகாரத்துக்கும் இந்த ஒரு சொல்லே போதும். நூலுக்குத்தான் இன்னொன்றும் வேண்டியிருந்தது. பஞ்சைத் திரித்து இழையாக்குவது ஒரு வேலை, திரித்த இழைகளைச் சேர்த்துத் திரிப்பது வேறு வேலை. அப்படிச் சேரும் ஒவ்வொன்றுக்கும் புரி என்று பெயர்.

இரண்டையும் செய்யும் கருவி ஒன்றுதான். நூற்கும் கோலுக்குத் தமிழில் கதிர் என்று பெயர். ராட்டையில் சுழல்வதும் கதிர்தான். ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் அதுவே 'கதுரு'. தக்களி என்பது வடக்கிலிருந்து வந்த பெயர்; அதன் மூலம் சமஸ்கிருத 'தர்க்கு'. காந்தியின் கதர் இயக்கமும் 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வியும் அதைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்தன. இன்று கீழடியில் கிடைத்த, கதிரில் மாட்டும் சுடுமண் வில்லைகளைக்கூட 'தக்களி' என்றே எழுதுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பொருளுக்கு நேற்று வந்த பெயர்! கதிர் என்று எழுதினால் நெற்கதிரோடு குழம்பும் என்று பயந்தார்களோ என்னவோ.

கதிரை ஒரு பக்கம் சுழற்றி நூற்ற ஒற்றை நூலுக்குள் அவிழத் துடிக்கும் விசை ஒன்று இருக்கும். தளர்த்தினால் தன்மேலேயே சுருண்டு பின்னிக்கொள்ளும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்துக் கதிரில் மாட்டி, இப்போது எதிர்ப்பக்கம் சுழல விட வேண்டும். இரண்டும் சற்றே அவிழ்கின்றன. அவிழும் விசையே ஒன்றை மற்றொன்றின்மேல் இறுக்குகிறது. அளவு சரியாக அமைந்தால் புரிநூலை வளைத்துத் தொங்கவிடும்போது அது திரும்பாமல் சும்மா தொங்கும். அதே திசையில் சுற்றியிருந்தாலோ பிடிமானம் கிடைக்காது, கையில் மிஞ்சுவது சிக்கல்தான்.

இந்த எதிர்த்திசை விதியைத் தவறாமல் காப்பது பூணூல். மூன்று இழையை ஒரு திசையில் முறுக்கி, அந்த முறுக்கு நூலை மும்மடங்காக்கி மறுதிசையில் திரிக்கிறார்கள். ஆக ஒன்பது இழை, மூன்று புரி. முப்புரிநூல் என்ற பெயரில் எண்ணப்படுவது புரிதான், இழையல்ல. பழவேற்காட்டுக் கடலோரத்திலும் நைலான் வருமுன் வலைக்குப் பருத்தியும் சணப்பும்தான். ஒற்றை இழை மீனுக்குத் தாங்காது, புரி கூட்டியே ஆகவேண்டும்.

வலம்புரி, இடம்புரி என்று சங்குக்கும் திசை சொன்ன சொல் புரி. மில்காரர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தின் சாய்வைப் பார்த்து எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்கிறார்கள். நூலை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அந்தச் சாய்வு மாறாது என்பதால் அது நல்ல வழிதான். புரிதல் என்றால் விளங்குதல் என்பதையும் இந்த முறுக்கோடு இழுத்து முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பேச்சு வழக்கில் புரி தேய்ந்து பிரி ஆகிவிட்டது: வைக்கோல் பிரி, பானைக்குப் பிரிமணை, ரெண்டு பிரி நூல். சேர்ப்பதைக் குறித்த சொல் பிரிப்பதன் ஒலியைப் பெற்றுவிட்டது. ஆனாலும் யாரும் தடுமாறியதாகத் தெரியவில்லை. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைத் தறிகளுக்கு இன்று புரி சேர்ப்பதும் மில்லின் வேலை. 2/80 என்று குறித்தால் 80-ஆம் எண் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்று பொருள். அதை முறுக்கும் 'டூ ஃபார் ஒன்' இயந்திரத்தில் கதிர் ஒருமுறை சுற்றினால் நூலில் இரண்டு முறுக்கு விழும். கைக்கதிருக்கு அந்த வித்தை வராது.

கட்டட வேலையில் உண்மையான முறுக்கு கட்டுக்கம்பியில்தான் இருக்கிறது. கம்பி கட்டுகிறவர் மெல்லிய கம்பியை இரண்டாக மடித்து, முறுக்குக் கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் சுற்றி, கொக்கியை மாட்டி நாலைந்து சுற்றுச் சுற்றுகிறார். அது ரெண்டு பிரி. அவர் அதை 'கட்டு' என்கிறார்.