சரண்ஜித் சிங்: பழைய குறிப்புக்கு ஒரு திருத்தம்

சில வருஷங்களுக்கு முன்னால் இதே வலைப்பூவில் "ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர்" என்று தலைப்புப் போட்டு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ரசிகனின் ஆர்வக்கோளாறு. அந்தத் தலைப்பு தப்பு. அந்த மனிதர் மேல் எனக்கிருந்த மரியாதை மட்டும் தப்பில்லை. அதற்கான சரியான காரணம் பிடிபட எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

அந்தக் குறிப்பைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா ஒலிப்பதிவுகளில் பேஸ் கிட்டாரும் சிந்தசைஸரும் வாசித்தவர். ஷங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என்று பெரிய ஆட்களிடமெல்லாம் வாசித்திருக்கிறார். பாட்டு ஊரெல்லாம் ஓடும், வாசித்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அந்த ரகம்.

1982ல் ஹெச்.எம்.வி. அவருடைய எல்.பி. ஒன்றை வெளியிட்டது. பெயர் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. அப்போது டிஸ்கோ காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. 'குர்பானி' வந்து இரண்டு வருஷம், நாசியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே' வந்து ஒரு வருஷம். 'டிஸ்கோ டான்ஸர்' அந்த வருஷக் கடைசியில் வந்தது. நம்ம பக்கம் 'சகலகலா வல்லவன்' புத்தாண்டுப் பாட்டும் அதே வருஷம்தான். எல்லாரும் சினிமாப் பாட்டுக்குள் டிஸ்கோவைத் திணித்துக்கொண்டிருந்தபோது, இவர் தபலாவை நிறுத்திவிட்டு ராகத்தை டிஸ்கோ அடியில் உட்கார வைத்தார்.

ரெக்கார்டு போணியாகவில்லை. 2002ல் எடோ போமன் என்ற டச்சு சேகரிப்பாளர் டில்லியில் ஒரு கடையில் இதைக் கண்டெடுத்தார். கேட்டு அசந்துபோய், பிற்பாடு மும்பையில் சரண்ஜித் சிங்கையே தேடிப் பிடித்தார். 2010ல் தன்னுடைய 'பாம்பே கனெக்‌ஷன்' மூலம் மறுவெளியீடு செய்தார். ஒரு ரசிகன் செய்யக்கூடிய வேலை என்றால் அதுதான். நான் தலைப்பு போட்டதெல்லாம் எந்த மூலைக்கு?

கேட்டவர்கள் ஆடிப்போனதற்குக் காரணம் உண்டு. ரோலண்ட் கம்பெனியின் டிபி-303 என்ற குட்டி மெஷினின் குழைந்து நெளியும் சத்தம்தான் ஆசிட் ஹவுஸின் அடையாளம். சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு போட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' 1987ல் வந்தது. சரண்ஜித் சிங்கின் ரெக்கார்டில் அதே 303, அதே மாதிரி நெளிகிறது, அதுவும் ஐந்து வருஷம் முன்னாலேயே. இது யாரோ இப்போது செய்துவிட்டுப் பழைய உறை மாட்டிய மோசடி என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். முந்தி வந்தது என்பதும் அதிலிருந்து இது பிறந்தது என்பதும் வேறு வேறு. சிகாகோ பையன்கள் இந்த ரெக்கார்டைக் கேட்டு ஆரம்பிக்கவில்லை. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு ரெப்போவுக்கும் பொதுவான ஒரு கமிட் கிடையாது.

பொதுவாக இருந்தது மெஷின் மட்டும்தான். 303, தனியாக கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் வாசிக்க வேண்டும் என்று செய்தது. அசல் பேஸ் கிட்டார் மாதிரி அது கேட்கவே இல்லை. 1981 கடைசியில் வந்து 1984லேயே உற்பத்தி நின்றுபோனது. அதில் ஸ்வரங்களை முதலில் வரிசையாக ஏற்ற வேண்டும், எது எவ்வளவு நேரம் என்பதைத் தனியாக ஏற்ற வேண்டும். பிறகு எந்த ஸ்வரத்துக்கு அழுத்தம், எதிலிருந்து எதற்கு வழுக்கல் என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான், கார்டு கிடையாது. சிகாகோக்காரர்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாக வாங்கி, ஓடும்போதே குமிழ்களைத் திருகி ஒரு புது சத்தத்தைப் பிடித்தார்கள். பம்பாய்க்காரர் அந்த வழுக்கலைப் பிடித்துக்கொண்டார். ஒற்றை ஸ்வரம், கார்டு மாற்றம் இல்லாமை, ஒரே சுருதியைச் சுற்றிச் சுற்றி வருவது: மேற்கத்திய பேஸ் வாசிப்புக்கு இவை குறை, ராகத்துக்கு அதுவே இயல்பு. கீழே 303 திரும்பத் திரும்ப ஓட, டிஆர்-808 தாளம் போட, மேலே ஜூபிடர்-8ல் கையால் ராகம் வாசிக்கிறார். மெஷின்களைக் கோத்துவிடும் மிடி வந்ததே 1983ல் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

போன பொங்கலுக்கு பெண்ணாடம் போயிருந்தபோது, எங்க ஊர் நாகஸ்வரக்காரர் ஒருவரிடம் இதைப் போட்டுக் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர். 'ராகா பைரவ்' ஆரம்பத்தில் வோகோடர் வழியாக ரோபோ குரலில் 'ஓம் நமசிவாய' வரும். தூங்கானைமாடத்துக் கோயில் தெருவில் உட்கார்ந்து அதைக் கேட்பது ஒரு தினுசாக இருந்தது. அவர் சிரித்துவிட்டு, "மாயாமாளவகௌளை" என்றார். பூபாளி வந்ததும் மோகனம், யமனுக்குக் கல்யாணி, மால்கௌன்ஸுக்கு ஹிந்தோளம், கலாவதிக்கு வலஜி. ஒன்றுகூடத் தப்பவில்லை. இந்துஸ்தானிப் பெயர் எதையும் நான் சொல்லியிருக்கவில்லை.

"மேலே வாசிக்கிறது மனுஷன் தம்பி. கீழே யாரு?"

"மெஷின் ஐயா."

"மெஷினா? ஜாரு மாதிரி விழுதே."

ஜாரு என்பது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகம். 303ன் வழுக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எங்கேயும் படித்ததில்லை. ஆனால் உடனே ஒரு குறையும் சொன்னார். ஜாரு விழுகிறது, ஆனால் அதே இடத்தில், அதே மாதிரி, ஒவ்வொரு தடவையும். "ரெண்டு தடவை கேட்டா அழகு, நாலாவது தடவை பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு நாற்பதாவது தடவையும் அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் வாதாடினோம்.

மறுவெளியீட்டுக்கு அப்புறம் சரண்ஜித் சிங்குக்கு வெளிநாட்டில் மேடைகள் கிடைத்தன. எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பாவில் தன் பேரப்பிள்ளைகள் வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

பழைய குறிப்பின் தலைப்பை "1982ல் 303ஐ ராகத்துக்குப் பழக்கியவர்" என்று மாற்றியிருக்கிறேன். பின்னூட்டங்களை அப்படியே விட்டிருக்கிறேன். தலைப்பைப் பார்த்துப் பெருமைப்பட்டு அங்கே எழுதியிருந்த நண்பர்கள் மன்னிக்கவும். நாகஸ்வரக்காரர் ஹிந்தோளத்தை மட்டும் போனில் ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விருத்தாசலத்தில் ரயில் ஏறினேன்.