சாவடியும் வாக்குச்சாவடியும்

சென்னை மாநகரிலிருந்து பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், மதுரவாயலையும் வானகரத்தையும் கடந்து, திருவேற்காட்டுக் கருமாரியம்மன் சந்நிதிக்குப் பிரியும் வழியை நெருங்கும் இடத்தில் இருக்கிறது வேலப்பன்சாவடி. அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் குமணன்சாவடி. இரண்டு ஊர்களின் பெயரிலும் ஓர் ஆடவர் பெயரும் ஒரு கட்டடத்தின் பெயரும் இணைந்திருக்கின்றன. ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில், தலைச்சுமையோடும் மாட்டு வண்டியோடும் பிரயாணம் செய்தவர்கள் வெயில் தாழும்வரை இளைப்பாற எழுந்தவை இத்தகைய சாவடிகள். ஆயினும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாவடி என்ற சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. ஊர்ப் பெரியதனக்காரர்கள் கூடுமிடமும் அதுவே. வழக்குத் தீர்க்குமிடமும் வரிக்கணக்குப் பார்க்குமிடமும் அதுவே. பெண்ணின் சொத்தைப் பற்றியும், அவளுடைய திருமணத்தைப் பற்றியும், அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றியும் அச்சாவடிகளின் திண்ணைகளில் எத்தனையோ தீர்ப்புகள் சொல்லப்பட்டன. சம்பந்தப்பட்ட பெண்ணோ எட்ட நின்று கேட்டாளேயன்றி, ஏறி அமர்ந்து அபிப்பிராயம் சொன்னவள் அல்லள்.

குடியரசு வந்தபோது தமிழ் மக்கள் வாக்களிக்கும் இடத்துக்குப் புதிய பெயர் தேடவில்லை. பழைய சாவடியையே எடுத்து வாக்குச்சாவடி என்றார்கள். திண்ணை ஏறாத பெண் அங்கே ஆடவரோடு ஒத்த ஸ்தானத்தில் வரிசையில் நின்றாள். வேலப்பன்சாவடியில் வாக்காளராகப் பதிவு பெற்றவள் நான், பெண்ணுரிமையில் பற்றுடையவள். தேர்தல்தோறும் என்னிடம் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு: பெண்ணுரிமை பேசும் நீங்கள், பெண் ஒருவர் வேட்பாளராக நின்றால் அவருக்குத்தானே வாக்களிக்க வேண்டும்? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற நான் விரும்புவதில்லை. இவ்வினாவுக்குரிய விடை பழைய சென்னை ராஜதானியின் சரித்திரத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1917 ஆம் ஆண்டு மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசர், அன்னி பெசன்ட் ஆகியோர் அதன் முதல் முயற்சிகளில் முன்னின்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள் பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்திருந்தபோது, சரோஜினி நாயுடுவின் தலைமையில் சென்ற பெண்கள் தூதுக்குழு, வரப்போகும் அரசியல் சீர்திருத்தத்தில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று விண்ணப்பித்தது. பின்னர் வாக்குரிமையை ஆராய அமைந்த சவுத்பரோ குழு, இந்நாட்டுச் சமூக நிலை அதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று கூறி மறுத்தது. 1919 ஆம் ஆண்டுச் சட்டமோ முடிவை அந்தந்த மாகாணச் சட்டசபைகளிடமே விட்டுவிட்டது. 1921 ஏப்ரல் முதல் தேதியன்று, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. நாம் பெருமைப்பட வேண்டிய நாள்தான் அது. ஆனால் அன்று வாக்குரிமைக்குச் சொத்தும் வரியும் தகுதிகளாக இருந்தன. நிலமும் வீடும் ஆடவர் பெயரிலேயே இருந்த சமூகத்தில் அவ்வுரிமை வயது வந்த பெண்களில் மிகச் சிலருக்கே எட்டியது. செம்பரம்பாக்கம் ஏரிநீர் பாய்ந்த வயல்களில் நாற்று நட்ட பெண்ணுக்கு அந்த ஏப்ரல் முதல் தேதியால் விளைந்த பயன் ஒன்றுமில்லை.

வாக்களிக்கும் உரிமைக்குப் பின்னரே வேட்பாளராகும் உரிமை வந்தது. 1926 இல் அக்கதவு திறந்தவுடன், அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்தியாயர் போட்டியிட்டு, மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றார். பெண்ணொருவர் வாக்குக் கேட்டு வீடுவீடாகச் செல்வதே அதிசயமாக இருந்த நாளில், சில தினங்களே பிரசாரம் செய்தவர் அவ்வளவு நெருங்கி வந்ததை நான் தோல்வியாகக் கருதுவதில்லை. அதே சமயத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சென்னைச் சட்டசபைக்குள் பிரவேசித்து, அதன் உபதலைவராகவும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பெண் வேட்பாளர் எவரையும் எடைபோடும்போது என் உள்ளம் தானாகவே சென்று நிற்பது இந்த அம்மையாரிடத்தில்தான். 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, நன்கு நடந்துவந்த வைத்தியத் தொழிலை விட்டுச் சட்டசபைக்குச் செல்வதா என்று தயங்கியவர் அவர். அவருக்கு வாக்காளர்கள் கிடையாது. ஒருவரும் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. ஆயினும் அங்கே அவர் யாருக்காக வாயைத் திறந்தார் என்று பாருங்கள். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட சிறுமிகளுக்காகப் பேசினார். வாக்கும் சொத்துரிமையும் இல்லாத குழந்தைகள் அவர்கள். தேர்தல் கணக்கில் அவர்களுக்கு மதிப்பே கிடையாது. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டுமென்று அவர் எழுப்பிய குரலைச் சத்தியமூர்த்தி போன்ற நாவன்மை மிக்க தேசபக்தர்களே எதிர்த்தார்கள் என்பதை வருத்தத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. 1929 இல் கோயில் ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்த மானிய நிலங்கள் அப்பெண்களுக்கே உரியனவாக விடுவிக்கப்பட்டன. பொட்டுக்கட்டுதலை முற்றும் தடுக்கும் சட்டம் 1947 இல் நிறைவேறியது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் 1930 இலேயே பதவியைத் துறந்துவிட்டார். ஆனால் தொடங்கிய காரியம் அவரோடு சபையைவிட்டு வெளியேறிவிடவில்லை. தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர், தேர்ந்தெடுக்கவே இயலாதவர்களின் பிரதிநிதியாக நின்ற இந்நிகழ்ச்சிக்கு ஒப்பாக இந்த ராஜதானியின் சரித்திரத்தில் வேறொன்றை நான் காணவில்லை.

அவருக்குப் பின், 1937 இல் சட்டசபைக்கு வந்து உபசபாநாயகராகி, 1946 இல் பிரகாசம் மந்திரிசபையில் சுகாதார மந்திரியான ருக்மிணி லட்சுமிபதி, வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். சென்னையில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சர்வஜன வாக்குரிமை இலங்கையில் 1931 ஆம் ஆண்டே வந்துவிட்டது. நமக்கு அது வந்தது முதற்பொதுத் தேர்தலில். அத்தேர்தலுக்குப் பெயர் பதியச் சென்ற அதிகாரிகளிடம் வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தம் பெயரைக் கூற மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே சொல்ல, ஏறத்தாழ 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். நம் பக்கத்து வழக்கம் அதற்கு மாறானது: இங்கே பெண் தன் பெயரைச் சொல்ல நாணவில்லை, கணவன் பெயரைச் சொல்லத்தான் நாணினாள். அந்த வழக்கத்தையும் நான் போற்றுவதற்கில்லை. எனினும் தன் பெயரைத் தானே சொல்லும் பழக்கம் அவளை வாக்காளர் பட்டியலில் நிலைநிறுத்தியது. அத்தேர்தலில், இப்பகுதியை அடுத்த திருவள்ளூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர் ஒரு பெண். அவர் பெயர் மரகதம் சந்திரசேகர்.

தாழ்த்தப்பட்ட சமூகத்தில் 1917 இல் பிறந்த மரகதம் அம்மையார், நேருவின் மந்திரிசபையில் சுகாதாரத் துணை மந்திரியாகப் பணியாற்றினார். 1962 இல் மாயவரத்திலிருந்தும், 1984 இலும் 1989 இலும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடையில் பல ஆண்டுகள் மாநிலங்களவையிலும் வீற்றிருந்தார். பூவிருந்தவல்லி வட்டாரம் அந்நாளில் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. 1991 மே 21 இரவு, மூன்றாம் முறையாக அங்கே போட்டியிட்ட அவருக்கு ஆதரவு தேடி மீனம்பாக்கத்திலிருந்து போரூர், பூவிருந்தவல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் சென்ற ராஜீவ் காந்தி அங்கே கொலையுண்டதை உலகமே அறியும். இவ்வட்டாரத்து மூத்த பெண்மணிகளைக் கேளுங்கள்: அந்த இரவின் ஒவ்வொரு நாழிகையையும் சொல்வார்கள். அன்று யாருக்காக அவர் வாக்குக் கேட்க வந்தார் என்று கேளுங்கள், பெரும்பாலோர் தயங்குவார்கள். ஜூன் மாதம் நடந்த வாக்கெடுப்பில் அத்தொகுதி மக்கள் மரகதம் அம்மையாரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னால், அப்படியா என்று வியப்பார்கள்.

ஒரு மாபெரும் துயரத்தின் நிழலில் மறைந்துபோனவர் என்று இதற்குச் சமாதானம் கூறலாம். எனக்கு அது போதவில்லை. நாற்பது ஆண்டுக்காலம் பொதுவாழ்வில் நின்ற பெண்ணொருத்தியை, அவளுக்காகப் பேச வந்த ஆடவரின் கதையில் ஒரு வரியாக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய அரசியல் எனக்கு எல்லா வகையிலும் உடன்பாடானதா என்பது வேறு கேள்வி. மந்திரியாகவும் உறுப்பினராகவும் அவர் என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார் என்று இத்தொகுதியின் பெண்கள் ஒருமுறையேனும் கூடிப் பேசியிருந்தால், புகழ்ந்தோ கண்டித்தோ அவர் பெயரை நினைவில் கொண்டிருப்போம். பெண் வேட்பாளருக்கு நாம் செய்யவேண்டிய முதல் மரியாதை, அவருடைய காரியங்களை விசாரிப்பதே. விசாரியாமல் அளிக்கும் வாக்கும் விசாரியாமல் மறுக்கும் வாக்கும் எனக்கு ஒன்றே.

அதே 1991 ஜூனில் ஜெயலலிதா முதலமைச்சரானார். தமிழ்நாட்டுப் பெண் வாக்காளரை அவரைப்போலச் சோதித்த தலைவர் மற்றொருவர் இல்லை. 1992 இல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் தோன்றியது. அதே ஆண்டு பெண்சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. காவல் நிலையப் படியேற அஞ்சிய பெண், தன்னைப் போன்ற ஒரு பெண்ணிடம் முறையிடலாம் என்ற நிலை உண்டானது சாமானியமான காரியமன்று. அதற்கு என் நன்றி உண்டு. ஆனால் 2003 இல் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே ஆணையில் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது, அவர்களுள் தம் சம்பளத்தால் குடும்பம் தாங்கிய எத்தனையோ பெண்கள் இருந்தார்கள். அச்செயலை ஆட்சியாளர் பெண் என்பதற்காக நான் மன்னிக்க இயலாது. அவர்மீது சுமத்தப்பட்ட ஊழல் வழக்குகளைப் பற்றியும் எனக்கு இதே நிலைதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் நடந்த அமளியில், எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அவர் தாம் அவமதிக்கப்பட்டதாகக் கூறி, கலைந்த கோலத்தில் வெளியேறினார். அதற்கு முன்னும் பின்னும் பொதுமேடைகளில் அவருடைய உடலையும், நடிப்புத் தொழிலையும், மணம்புரியாத வாழ்வையும் பற்றி வீசப்பட்ட சொற்களை எண்ணினால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அவரை எதிர்த்து வாக்களிக்கத் துணிந்த பெண்ணும், அச்சொற்களை எதிர்த்து வாய் திறந்திருக்க வேண்டும். நம்மில் பலர் திறக்கவில்லை. கொள்கையில் மாறுபட்டவளுக்கு நேர்ந்த அவமானம் நமக்கு நேர்ந்ததன்று என்று எண்ணியது நம் தவறு. அதே சொற்கள் பின்னாளில் எல்லாக் கட்சிகளின் பெண்கள்மீதும் வந்து விழுந்தன.

அரசியல் சாசனத்தின் 73, 74 ஆம் திருத்தங்களுக்குப் பின், 1996 முதல் உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2016 இல் அது பாதியாக உயர்ந்தது. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, வேலப்பன்சாவடியை உள்ளடக்கிய திருவேற்காடு நகராட்சி உட்பட எங்கும் அம்முறையே நிலவியது. சட்டமன்றத்திலோ 2021 இல் 234 பேரில் 12 பேரே பெண்கள்; அவ்வாண்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. 2023 இல் நிறைவேறிய மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி மறுசீரமைப்பையும் நிபந்தனைகளாகக் கொண்டு பிறந்தது. எனவே இன்றைக்குப் பெண் வேட்பாளரை மிகுதியாகவும் மிக அருகிலும் நாம் காண்பது வார்டுத் தேர்தலில்தான். அங்கே சுவரொட்டியில் அவர் படத்தைவிடக் கணவரின் படம் பெரிதாக இருப்பதையும், குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று முறையிடச் சென்றால் கவுன்சிலரின் கணவரே கேட்டு அனுப்பிவிடுவதையும் பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் அரிது. இதற்காக அப்பெண்ணைப் பரிகசிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். சாவடித் திண்ணையில் பல நூற்றாண்டுகள் அமரவிடாதவளை, அமர்ந்த முதல் நாளிலேயே பேசத் தெரியவில்லை என்று குறைகூறுவது நியாயமன்று. அவரைப் பேச வைப்பதில் வாக்காளருக்கும் பங்கு உண்டு.

ஆகையால் இதை வாசிக்கும் சகோதரிகளை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அடுத்த தேர்தலில் ஒரு பெண் உங்கள் வாசலில் வந்து நின்றால், வாக்களிப்பதும் மறுப்பதும் உங்கள் சித்தம். ஆனால் உடன் வந்த ஆடவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கழிவுநீர்க் கால்வாயைப் பற்றியும், இரவில் விளக்கெரியாத தெருவைப் பற்றியும், பள்ளி விட்டு வரும் பெண் குழந்தைகளின் பஸ்ஸைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லி அழைத்துக் கேளுங்கள். அவர் தம் வாயால் பதில் சொல்லும்வரை உங்கள் வாசலிலேயே நில்லுங்கள்.