தும்பறையில் துணியின் நீளம்

இலங்கையில் தெல்தெனிய அமைந்துள்ள தும்பறைப் பகுதி கண்டி அரசரின் ஆட்சியில் இருந்தபோது, தன் உடம்பை எவ்வளவு மூடுவது என்று ஒருவர் தானே தீர்மானிக்க முடியவில்லை. 1660 முதல் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இதை விவரிக்கிறார். ஒருவர் மேற்சட்டை போட்டிருக்கிறாரா, வெறும் முதுகோடு போகிறாரா, இடுப்புத் துணி முழங்காலைத் தாண்டி எவ்வளவு இறங்குகிறது என்பவற்றைப் பார்த்தே குலத்தைச் சொல்லிவிடலாமாம். எல்லோருக்கும் கீழே தள்ளப்பட்டிருந்த ரொடியப் பெண்கள் மார்பை மூடவே கூடாது. வெப்ப நாட்டில் அரையாடை இயல்புதானே என்பார்கள். இயல்பாக நடப்பதற்குத் தடை எதற்கு? மூட விரும்பியவர்கள் இருந்ததால்தான் தடை தேவைப்பட்டது. தென்னிந்தியாவின் திருவிதாங்கூரிலும் நாடார் பெண்கள் தோளில் சீலை போடப் பல ஆண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859இல் அரசு இறங்கிவந்தபோதும், மேற்குலப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை.

1815இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1841இல் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து, அநாகரிகமாக உடம்பைக் காட்டுவதைக் குற்றமாக்கினார்கள். அதே ஆட்சியின் கீழ்தான் மார்பு மூடாத ரொடியப் பெண்களின் படங்கள் தபால் அட்டைகளாக அச்சாகிப் பயணிகளுக்கு விற்கப்பட்டன. முன்பு மூடினால் தண்டனை, பின்பு திறந்தால் தண்டனை. இரண்டிலும் அந்தப் பெண்ணின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. என் வாதம் இதுதான்: உடை பற்றிய குற்றத்தில் முதலில் பார்க்க வேண்டியது வற்புறுத்தலை, வெற்றுடம்பை அல்ல.

அப்படியானால் பஸ்ஸில் பெண்ணின் முன் உடையை அவிழ்ப்பவனையும் விட்டுவிடுவதா என்ற கேள்வி நியாயமானது. விடக் கூடாது. அவன் தன் உடம்பை ஆயுதமாக்கி இன்னொருவரை அச்சுறுத்துகிறான். அங்கே வற்புறுத்தப்படுவது பார்ப்பவர். வழிபாட்டிடத்திலும் கூடியிருப்பவர்களின் உரிமையை மதிக்கத்தான் வேண்டும். 2018இல் பிதுரங்கல மலையுச்சியில் பின்புறம் காட்டிப் படம் எடுத்த இளைஞர்கள் கைதானபோது பலர் கொதித்ததற்கு, அது விகாரையோடு சேர்ந்த மலை என்பதும் ஒரு காரணம். ஆனால் ஆளரவமற்ற ஆற்றுத்துறையில் ஆடையின்றிக் குளிப்பவர் யாரையும் அச்சுறுத்தவில்லை. எவருடைய வழிபாட்டையும் குலைக்கவில்லை. 180 ஆண்டு தாண்டியும் நடைமுறையில் உள்ள அந்தக் கட்டளைச் சட்டத்தில் "அநாகரிகம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்பதை பொலிஸ் நிரூபிக்க வேண்டும் என்று எழுத வேண்டும். ஒருவரின் ஆடையைப் பலவந்தமாகக் களைவதற்கும் களையவிடாமல் தடுப்பதற்கும் அதே அளவுகோல் பொருந்தும்.