மூடில்

மூடில் என்பது பாடக்குறிப்பு வழங்கல், ஒப்படைப்புப் பெறுதல், வினாத்தேர்வு நடத்துதல், மதிப்பெண் பதிதல் ஆகிய காரியங்களை இணையவழியே நிர்வகிக்கப் பல்கலைக்கழகங்கள் கையாளும் கட்டற்ற மென்பொருளாகும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி என்னும் வணிக மென்பொருளைப் பராமரித்துவந்த மார்ட்டின் டௌகியாமாஸ், மாணவர் ஒருவரோடொருவர் கூடி அறிவைத் தாமே சமைத்துக்கொள்கின்றனர் என்னும் கல்விச் சித்தாந்தத்தை ஆதாரமாகக் கொண்டு இதனை உருவாக்கி, 2002 ஆகஸ்டில் முதற்பதிப்பை வெளியிட்டார்.

மென்பொருளை நிறுவுவதினும் ஆசிரியர்களை அதில் பழக்குவதே அரிய காரியம். ஒப்படைப்புக்கு விதிக்கும் தேதிகளுள், கெடுதேதி கடந்து வரும் கட்டுரையைத் தாமதமெனக் குறித்து ஏற்றுக்கொள்ளும் இம்மென்பொருள், அடைப்புத் தேதி கடந்து வருவதை அறவே மறுத்துவிடும். இந்தப் பேதம் அறியாது முன்னதை மட்டும் குறித்த ஆசிரியர், வாரங்கள் கழிந்த பின்னும் கட்டுரைகள் வந்துகொண்டேயிருப்பது கண்டு திகைப்பது சகஜம். அவ்வாறே, மாணவர்க்கு மறைத்துவைத்த பாடம் ஆசிரியர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டேயிருப்பதால், அது வெளியாகிவிட்டதென்றே அவர் நம்பிவிடுவதும் உண்டு. மாணவர் நிலைக்கு மாறித் தம் பக்கத்தைப் பார்க்கும் வசதியை முதல்நாளிலேயே காட்டிக் கொடுத்தால் இத்தகைய சந்தேகங்கள் பெரும்பாலும் நிவர்த்தியாகும். ஆகவே, பெருமண்டபத்தில் திரையிட்டு விளக்குவதைக் காட்டிலும், ஆசிரியரின் அருகமர்ந்து அவருடைய சொந்தப் பாடத்தையே அவர் கையால் அமைக்கச் செய்வது உத்தமமான முறையாகும். பருவந்தோறும் புதிதாக அமைக்கும் சிரமத்தை, மாணவர் விவரம் நீங்கலாகப் பாடம் முழுவதையும் பிரதியெடுத்து மீட்கும் வசதி வெகுவாகக் குறைக்கிறது. தேதிகளை மட்டும் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும்.