மணல்மேல் இட்ட சாலை

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கே, கடலுக்குள் வால்போல் நீண்டு கிடக்கும் மணல்திட்டே தனுஷ்கோடி. வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. 1914-இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டபின், இவ்வூர் இலங்கைக்குச் செல்லும் வாயிலாயிற்று. இரயிலில் வந்திறங்கியோர் இங்கே கப்பலேறித் தலைமன்னாரை அடைந்தனர். இரயில் நிலையம், அஞ்சலகம், பள்ளி, ஆலயம் என்று ஓர் ஊருக்குரிய அனைத்தும் இங்கு இருந்தன.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் அனைத்தையும் அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த இரயிலையும் பயணிகளோடு கடல் விழுங்கியது. சிதைந்த பாம்பன் பாலம் விரைவில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சென்ற தண்டவாளமோ மீண்டும் இடப்படவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

எனினும் மீனவர்கள் திரும்பி வந்தனர். ஓலைக் குடிசைகள் எழுந்தன. ஏடுகளில் இல்லாத ஊருக்குச் சாலை கேட்பது எங்ஙனம்? முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் நடக்கவேண்டும். இல்லையேல் மணலில் ஓடவல்ல வண்டிகளை நம்பவேண்டும். பிடித்த மீனும் நோயுற்ற உடலும் அவ்வழியேதான் வெளியேறவேண்டும்.

1974-இல் அடிக்கல் நாட்டப்பட்ட பாம்பன் சாலைப்பாலம் 14 ஆண்டுகளுக்குப்பின், 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. தீவு முழுவதும் மகிழ்ந்தது. ஆனால் தீவின் கடைக்கோடியில் இருந்தோர் இன்னும் 29 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்குச் சாலை இடுவது எளிதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. காற்று மணலை இடம்பெயர்க்கும். இருபுறமும் அலை அரிக்கும். ஆகவே தளத்தை உயர்த்தி, பக்கங்களில் கற்களை அடுக்கிக் காப்பிட வேண்டியிருந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வரை 5 கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனை வரை 4.5 கிலோமீட்டர் என இரு பகுதிகளாக அமைந்த அச்சாலை, 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. புயலுக்கும் சாலைக்கும் இடையே 52 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஒன்பதரைக் கிலோமீட்டருக்கு ஒரு தலைமுறையே காத்திருந்து மூப்படைந்தது.

இன்று அச்சாலையில் சுற்றுலா ஊர்திகள் விரைகின்றன. பயணிகள் இறங்கி, கூரையிழந்த ஆலயச் சுவர்களைப் பார்க்கின்றனர், படமெடுக்கின்றனர், திரும்புகின்றனர். அச்சுவர்களுக்கு அருகே வலை செப்பனிடும் மனிதரை எத்தனை பேர் காண்கின்றனர்? இடிந்தது நம் கண்ணில் படுகிறது. இடிபாட்டிலும் வாழ்ந்து நின்றவர் நம் கண்ணில் படுவதில்லை.

நம் ஊர்களிலும் சாலை கேட்டு விண்ணப்பங்கள் எழுதப்படுகின்றன. எத்தனை ஊர்திகள் செல்லும் என்று அலுவலர் கணக்கெடுக்கலாம். அது அவர் கடமை. சாலை இல்லாததால் எத்தனை பேர் நடக்கின்றனர் என்று கணக்கெடுப்பது நம் கடமை. அக்கணக்கை நாம் எழுதத் தவறினால், வாழத் தகுதியற்ற இடம் என்ற தீர்ப்பில் நாமும் கையொப்பமிட்டவர் ஆவோம்.