சொந்தப் பெயரில் வந்த டோஃபு
அல்சூர் அடுக்களையில் ஒரு சிறு சரித்திரம்

பெங்களூர் அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்கு அருகில் உள்ள எங்கள் அகத்தில் என் தாயாருக்கு இப்போது வயது 84. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, பகவான் காப்பாற்றினார். ஆனால் பரிசோதித்த டாக்டர், "தசைகள் மிகவும் மெலிந்துவிட்டன. சாப்பாட்டில் புரதம் போதவில்லை. எண்ணெயில் பொரித்ததையும் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இதில்தான் சங்கடம். அம்மாவுக்குப் பால் ஒரு டம்ளருக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. பருப்பு இரண்டு கரண்டிக்கு மேல் போனால் வாயு என்பார். விரும்பிச் சாப்பிடுவதெல்லாம் வடையும் வறுவலும்தான்.

டோஃபு வாங்கலாம் என்று யோசனை சொன்னவள் என் மனைவி. கடைக்காரர் "சோயா பனீர்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நானும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டு, பட்டாணியுடன் சேர்த்துக் கூட்டுப் போல் செய்யச் சொல்லி, "பனீர் அம்மா, சாப்பிடு" என்று பரிமாறினேன். ஒரு துண்டை வாயில் போட்டவர் தட்டை நகர்த்திவிட்டார். "இது பனீர் இல்லை. என்னன்னு சொல்லிட்டுக் கொடு. என்னை ஏமாத்திச் சாப்பிட வைக்காதே" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு உறைத்தது.

இது என்ன வஸ்து, எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் சொல்வதற்காகவே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களில் பலர் அகங்களிலும் இதே கேள்வி எழுந்திருக்கும். ஆகவே படித்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

மடங்களில் வளர்ந்த உணவு

சோயா மொச்சையை ஊற வைத்து, அரைத்து, வடிகட்டி, கொதிக்க வைத்தால் கிடைப்பது சோயாப் பால். அதில் ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட்டையோ, கடல்நீரிலிருந்து உப்பு எடுத்தபின் மிஞ்சும் நிகாரி என்ற கசப்பு நீரையோ சேர்த்தால் திரிந்து கட்டியாகும். துணியில் கட்டிப் பாரம் வைத்து நீரை வடித்தால் டோஃபு.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லியூ ஆன் என்ற சீன இளவரசர் இதைக் கண்டுபிடித்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. எழுத்தில் இதன் பெயர் வருவது கி.பி. 10-ஆம் நூற்றாண்டில்தான். ஜப்பானில் நாரா நகரத்தின் கசுகா ஆலயப் பதிவு ஒன்றில் 1183-ல் டோஃபு குறிப்பிடப்படுகிறது. 1782-ல் நூறு வகை டோஃபு பக்குவங்களைச் சொல்லும் சமையல் நூலே அங்கே வெளியாயிற்று.

நமக்குச் சுவாரஸ்யமான செய்தி வேறொன்று உண்டு. இந்த உணவை வளர்த்ததில் பெரும் பங்கு பௌத்த மடங்களுக்கு உரியது. ஜப்பானிய மடங்களின் ஷோஜின் சமையலில் மாமிசமும் மீனும் இல்லை. வெங்காயம், பூண்டு வகையறாக்களும் விலக்கு. இதைச் சொன்னபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கேயும் வெங்காயம், பூண்டு கிடையாதா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

பெங்களூரில் ஒரு முயற்சி

டோஃபுவுக்கு ஆதாரமான சோயாப் பால் நம் நாட்டுக்கு நேற்று வந்ததல்ல. 1935-ல் காந்திஜி வார்தாவில் சோயாவைச் சமைத்துச் சோதித்து, "ஹரிஜன்" பத்திரிகையில் எழுதினார். பரோடா சமஸ்தானத்தின் உணவு அதிகாரி காலே, 1936-ல் சோயாவைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

பெங்களூரின் பங்கு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தொடங்குகிறது. 1909-ல் ஏற்பட்ட இதைப் பழைய பெங்களூர்வாசிகள் இன்றும் "டாடா இன்ஸ்டிட்யூட்" என்பார்கள். 1933-ல் பம்பாயிலிருந்து கமலா பாக்வத் என்ற இளம்பெண் அங்கே ஆராய்ச்சி செய்ய வந்தார். பெண் என்பதால் இயக்குநர் சர் சி.வி. ராமன் முதலில் மறுத்து, பிறகு நிபந்தனைகளோடு அனுமதித்த கதை பிரசித்தம். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்கள். பின்னாளில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, கமலா சொஹோனி என்ற பெயரில் புகழ்பெற்றவர் இவரே.

1940-களில் யுத்தம், ரேஷன், 1943-ன் வங்கப் பஞ்சம் எல்லாம் சேர்ந்து, பாலுக்கு வழியில்லாத குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியை எழுப்பின. அதே கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் டாக்டர் வி. சுப்ரமணியனும் அவருடன் பணியாற்றியவர்களும் சோயாப் பாலைத் தயாரித்து, அதன் போஷாக்கை ஆராய்ந்தார்கள். சுப்ரமணியன் பின்பு 1950-ல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறை அந்த நிலையத்தில்தான் உருவாயிற்று. பின்னாளில் அவர் திருவாரூரில் வித்திட்ட நெல் ஆராய்ச்சியே வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாக விளங்குகிறது.

இவ்வளவு பெரியவர்கள் பாடுபட்டும் சோயாப் பால் நம் அகங்களின் டவராவுக்குள் வரவில்லையே, ஏன்? ஒரு காரணம் மொச்சையின் பச்சை வாடை. மொச்சையைக் குளிர்ந்த நீரில் அரைக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி அந்த வாடையை உண்டாக்குகிறது. கொதிநீர் விட்டு அரைத்தால் வாடை பெரிதும் அடங்கும் என்பதை 1960-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் விளக்கியது. இன்னொரு காரணம் எனக்குத் தோன்றுவது. அது "பாலுக்குப் பதில்" என்று வந்தது. பசும்பாலின் ருசி தெரிந்த நாக்கு, பதிலாக வந்ததைப் பாலோடுதான் ஒப்பிடும், ஒப்பிட்டால் தோற்கும். மாமிசத்துக்குப் பதில் என்ற பேச்சோடு வந்த மீல்மேக்கரை நம் பெரியவர்கள் பலர் தொடவே தயங்கியதும் இதே காரணத்தால்தான்.

பெங்களூர் கத்தரிக்காயின் பாடம்

புதிய பண்டங்களை நாம் ஏற்கவே மாட்டோமா என்றால், அதற்கு எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய காயே பதில் சொல்லும். சௌசௌவின் பூர்வீகம் மெக்சிகோ. தமிழ்நாட்டில் அதற்குப் பெங்களூர் கத்தரிக்காய் என்றே பெயர். கூட்டுக்கும் துவையலுக்கும் இன்று அது இல்லாத மாமி வீடு உண்டா? அதைப் பூசணிக்காய்க்குப் பதில் என்று யாரும் கொடுக்கவில்லை. தனக்கென்று ஒரு பெயரோடு வந்தது, கூட்டில் இடம் பிடித்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. ச்ராத்தத்தில் இன்றும் மிளகாய் கிடையாது, மிளகுதான். மற்ற நாள்களில் மிளகாய் இல்லாமல் சாம்பார் இல்லை. பனீரே நம் தலைமுறையில் வந்ததுதான்; பால் திரிந்தால் அபசகுனம் என்று கொட்டியவர்கள் நம் பாட்டிமார்கள்.

அல்சூரே பலவற்றை ஏற்றுக்கொண்ட ஊர். பலா மரங்கள் நிறைந்திருந்ததால் கன்னடத்தில் ஹலசூரு என்று பெயர் வந்தது என்பார்கள். 1809-ல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபின் தமிழர்கள் பெருமளவில் குடியேறினார்கள். ஏரிக்கரையில் ஒரு பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம், அருகிலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், குருத்வாரா. வந்தவர்கள் எல்லாரும் தங்கள் சொந்தப் பெயரிலேயேதான் இருக்கிறார்கள்.

2021-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும், செடிகொடிகளிலிருந்து செய்யும் பொருள்களுக்குப் பால், பனீர் போன்ற பெயர்களை இடக்கூடாது என்று அறிவுறுத்தியது. என் தாயார் சாப்பாட்டு மேஜையில் சொன்னதும் அதுதான்.

யுத்தத்தில் பிறந்த வெப்பக்காற்று

இனி, பொரிக்காமல் மொறுமொறுப்பு எப்படி வரும் என்பது. பெங்களூரில் சோயாப் பாலை ஆராய்ந்த அதே 1940-களில், அமெரிக்காவில் வில்லியம் மாக்சன் என்பவர் விமானங்களில் உறைந்த சாப்பாட்டைச் சூடாக்க, விசிறி பொருத்திய சிறு அடுப்பு ஒன்றைச் செய்தார். "வர்ல்விண்ட் ஓவன்", அதாவது சூறாவளி அடுப்பு என்று அதற்குப் பெயர். விசிறியால் வெப்பக்காற்றைச் சுழல விடும் அந்தத் தத்துவம்தான் 2010-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏர் ஃப்ரையரில், வீட்டு மேடைக்குத் தக்க அளவில் வந்தது. யுத்த காலத்தில் உலகின் இரு கோடிகளில் நடந்த இரண்டு முயற்சிகள், எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து எங்கள் அடுக்களையில் சந்தித்துக்கொண்டன.

வேகமாகச் சுழலும் வெப்பக்காற்று டோஃபுவின் மேற்பரப்பு ஈரத்தை வாரிக்கொண்டு போகிறது. ஈரம் போன இடத்தில் வெப்பம் ஏறி, புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகின்றன. இந்த மாற்றத்தை 1912-ல் விவரித்தவர் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. உள்ளே நீர் இருப்பதால் நடுப்பகுதி மிருதுவாகவே நிற்கும்.

எங்கள் அகத்துப் பக்குவம்

கெட்டியான டோஃபு 200 கிராம் எடுத்து, சுத்தமான துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரம் வைத்து அரை மணி நேரம் நீர் வடியவிடவும். அவசரப்பட்டு இதைக் குறைத்தால் மொறுமொறுப்பு வராது. ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் சேர்த்துப் பிசறி, இரண்டு மேஜைக்கரண்டி கார்ன்ஃப்ளவர் தூவிப் புரட்டவும். ஏர் ஃப்ரையரில் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 200 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிஷம் வைக்கவும். நடுவில் ஒரு தரம் குலுக்கிவிட வேண்டும்.

மேல்பூச்சுக்குச் சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு என்று செய்வார்கள். எங்கள் அகத்தில் பூண்டு இல்லை. அதனால் புளி இஞ்சியைப் பின்பற்றினோம். எலுமிச்சை அளவில் பாதிப் புளியின் கரைசல், இரண்டு மேஜைக்கரண்டி பொடித்த வெல்லம், துருவிய இஞ்சி, ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் ஆகியவற்றைப் பாகு போல் பளபளப்பாகும்வரை கொதிக்கவிட்டு, வெந்த துண்டுகளை அதில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டவும். பாகை முதலிலேயே தடவி வைத்தால் வெல்லம் கருகிவிடும். உடனே சாப்பிட வேண்டும். ஆறினால் பதம் போய்விடும்.

கெட்டியான டோஃபுவில் 100 கிராமுக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் புரதம் உண்டு. ஜிப்சம் சேர்த்துச் செய்ததில் கால்சியமும் கூடுதல். சிறுநீரகக் கோளாறு, தைராய்டு மருந்து உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சேர்ப்பது நலம். விரத நாள்களிலும் ச்ராத்த நாள்களிலும் நாங்கள் இதைச் செய்வதில்லை; அது அவரவர் அகத்து வழக்கம்.

முதல் தடவை செய்து தட்டில் வைத்தபோது, "அம்மா, இது டோஃபு. சோயா மொச்சையில் செய்தது" என்று சொல்லித்தான் வைத்தேன். ஒரு துண்டு எடுத்தார். மெதுவாக மென்றார். இரண்டாவதையும் எடுத்தார். "பனீர் மாதிரி இல்லை" என்றார். பிறகு, "அது பாட்டுக்கு இது நன்னாத்தான் இருக்கு. வெல்லம் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றார்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் மாலை அவரே நினைவுபடுத்துகிறார். கைத்தடியுடன் சோமேஸ்வரர் கோயில் வாசல்வரை நடந்து வருகிறார். அது டோஃபுவால்தான் என்று சொல்ல நான் டாக்டர் அல்ல. ஆனால் வயதானவர்களுக்குப் புதிதாக எதைக் கொடுத்தாலும், அதன் பெயரையும் ஊரையும் சொல்லிக் கொடுங்கள் என்று அங்கத்தினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமா, வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.